சாவி கொடுக்கும் கம்பெனி, கொடுக்காத கம்பெனி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

பின்வரிசையில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் இந்நாள் மாணவத் தம்பி தங்கைகளே!

பின்வரிசையை நான் குறை சொல்லவில்லை. என் பேச்சே அந்தச் செல்போனைப் பற்றியதுதான். முதலில் ஒரு கேள்வி. உங்கள் கையில் இருக்கும் போனுக்குச் சொந்தக்காரர் யார்? "நான்தான் சார், பில் இருக்கிறது" என்பீர்கள். சரி. அந்தப் போனில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று முடிவு செய்கிறவர் யார்? அதற்குப் பில் கிடையாது. அந்த அதிகாரம் போனைச் செய்த கம்பெனியிடம் இருக்கிறது. சில கம்பெனிகள் கேட்டால் கொடுக்கின்றன. சில, காத்திரு என்கின்றன. சில, கதவையே திறப்பதில்லை. எந்தக் கம்பெனி எப்படி, ஏன் அப்படி, அதனால் நமக்கென்ன என்பதைத்தான் அடுத்த இருபது நிமிடத்தில் சொல்லப்போகிறேன். சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 2012-இல் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் தேறி வெளியே போனவன். கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் இருக்கிறதே, அதற்குள்ளே ஓடும் மென்பொருள் எழுதுவது என் தொழில். எங்கள் கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருளைத் தவிர வேறு எதுவும் அந்த மெஷினில் ஓடாதபடி பூட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே பூட்டுகளைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. பூட்டுச் செய்கிறவன் ஒருவன் சாவியைப் பற்றிப் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் கேட்டும் பூட்லோடரும்

போனின் மென்பொருளை நம் விருப்பப்படி மாற்றுவதை 'மாடிங்' என்கிறார்கள். இந்த வார்த்தையை வீட்டில் சொன்னபோது என் அப்பா, "ஏம்ப்பா, இன்ஜினியரிங் படிச்சிட்டு மாடு மேய்க்கிறியா?" என்று கேட்டார். மாடு இல்லை, ஆனால் மேய்ச்சல் உண்டு. கம்பெனி போட்டுக் கொடுத்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது, தேவையில்லாத ஆப்களை வேரோடு களைவது, கம்பெனி கைவிட்ட பழைய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் கொண்டுவருவது எல்லாம் இதில் அடக்கம்.

இதற்கெல்லாம் முதல் தடை பூட்லோடர். இதைப் புரிந்துகொள்ள நம் ஹாஸ்டல் கேட் போதும். வார்டன் கையெழுத்துப் போட்ட அவுட்பாஸ் இருந்தால்தான் வாட்ச்மேன் வெளியே விடுவார். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று அவர் பார்ப்பதில்லை. கையெழுத்தை மட்டும் பார்ப்பார். மகளிர் விடுதியில் இருந்த அக்காமார்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். போனைப் பொத்தான் அழுத்தி உயிர்ப்பித்தவுடன் முதலில் ஓடும் சின்ன நிரல்தான் இந்த வாட்ச்மேன். அடுத்து ஓடப்போகும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கம்பெனியின் மின்னணுக் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்க்கும். இருந்தால் விடும், இல்லையென்றால் நின்றுவிடும். வார்டனின் மாதிரிக் கையெழுத்து சிப்பிலேயே பதிக்கப்பட்டிருப்பதால் யாரும் அதை மாற்ற முடியாது.

பூட்லோடரை 'அன்லாக்' செய்வது என்றால், "இனிமேல் கையெழுத்தைப் பார்க்காதே" என்று வாட்ச்மேனிடம் சொல்வது. அப்படிச் சொன்ன உடனே போனில் உள்ள படம், செய்தி எல்லாம் அழிக்கப்படும். இது தண்டனை இல்லை, நியாயமான ஏற்பாடு. இல்லையென்றால் போனைத் திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் படித்துவிடுவான் அல்லவா?

இன்னொரு வழியும் உண்டு. வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பாமல், "வார்டன் கையெழுத்துக்குப் பதிலாக என் கையெழுத்தைப் பார்" என்று சொல்வது. அதாவது நம் சொந்தச் சாவியைப் பதிந்து, கேட்டை மறுபடி பூட்டிக்கொள்வது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

ஐந்து கேள்விகள்

ஒரு கம்பெனி மாடிங்குக்கு நண்பனா இல்லையா என்று சொல்வதற்கு நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கதவு திறக்குமா? இரண்டு, திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? மூன்று, திறந்தால் எதை இழப்போம்? நான்கு, உள்ளே வேலை செய்யத் தேவையான மூல நிரலும், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான அசல் மென்பொருளும் கம்பெனியிடமிருந்து கிடைக்குமா? ஐந்து, நம் சாவியால் மறுபடி பூட்ட முடியுமா?

முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். "அன்லாக் ஆகுமா? ஆகும். அப்ப நல்ல போன்டா மச்சான்" என்று முடித்துவிடுவார்கள். மற்ற நான்கில்தான் விஷயமே இருக்கிறது.

யார் யார் எப்படி

எச்டிசியில் தொடங்குகிறேன். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்தது இந்தத் தைவான் கம்பெனிதான். 2011-இல் புதுப் போன்களைப் பூட்டி அனுப்பப்போகிறது என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் பெரும் கூச்சல் போட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் அதன் தலைவர் பீட்டர் சௌ, இனிப் பூட்டமாட்டோம் என்று அறிவித்தார். கூச்சல் போட்டால் கம்பெனி இறங்கி வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் 2018-க்குள் அந்தக் கம்பெனியின் போன் வடிவமைப்பாளர்களில் பெரும் பகுதியினர் கூகுளுக்குப் போய்விட்டார்கள். நண்பன் இருந்தான், அவன் கடை இருக்கவில்லை.

மோட்டோரோலா தொடக்கத்தில் இறுக்கமாகப் பூட்டியது. 2012 முதல் ஒரு முறை வைத்திருக்கிறது. போன் தரும் ஒரு நீண்ட எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்தால் பொருத்தமான மாடலுக்குத் திறப்பு எண் தருவார்கள். கூடவே, வாரண்டி போய்விடும் என்றும் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் சில டெலிபோன் கம்பெனிகள் வழியாக விற்கும் மாடல்களுக்குக் கிடைக்காது.

சோனி இன்னொரு ரகம். தன் போன்களுக்கான மூல நிரலை வெளியிட்டு, "நீங்களே ஆண்ட்ராய்டு கட்டிப் பாருங்கள்" என்று தனித் திட்டமே நடத்தியது. நான்காவது கேள்விக்கு நல்ல மதிப்பெண். ஆனால் மூன்றாவது கேள்வியில் அடி வாங்கியது. எக்ஸ்பீரியா இசட் வரிசைப் போன்களைத் திறந்தால் உள்ளே இருந்த சில ரகசியச் சாவிகள் நிரந்தரமாக அழிந்து, இருட்டில் எடுக்கும் படங்களின் தரம் குறைந்துபோகும். கதவு திறக்கிறது, ஆனால் திறந்தவுடன் வீட்டில் ஒரு விளக்கு அணைந்துவிடுகிறது. இந்தியாவில் சோனி 2019-இல் போன் விற்பதையே நிறுத்திவிட்டது.

சாம்சங்குக்கு வருவோம். 2013 முதல் அதன் உயர்ரகப் போன்களில் 'நாக்ஸ்' என்ற பாதுகாப்பு ஏற்பாட்டோடு ஒரு மின் ஃபியூஸ் வைத்தார்கள். கம்பெனி கையெழுத்து இல்லாத மென்பொருளை ஒரே ஒரு தடவை ஏற்றினாலும் அந்த ஃபியூஸ் எரிந்துவிடும். சிப்புக்குள் இருப்பதால் மாற்ற முடியாது. பிறகு அசல் மென்பொருளையே திரும்பப் போட்டாலும் சாம்சங் பே, பாதுகாப்பான ஃபோல்டர் போன்றவை அந்தப் போனில் திரும்ப வரவே வராது. எங்கள் தொழிலில் இது சாதாரண உத்திதான். ஆனால் கார்டு மெஷினுக்கு அது பொருந்தும். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சொந்தப் பொருளுக்கு? அமெரிக்க மாடல்களில் திறக்கும் வழியே கிடையாது. மற்ற நாடுகளில் இருந்த வழியையும் 2025-இல் ஒன் யுஐ 8 உடன் வந்த புது மாடல்களில் எடுத்துவிட்டார்கள்.

ஹுவாவே 2018 வரை கேட்டவர்களுக்குத் திறப்பு எண் கொடுத்து வந்தது. அந்த ஆண்டு அறுபது நாள் கெடு வைத்து நிறுத்திவிட்டது. அதன் பிறகு அமெரிக்கத் தடையால் புதிய மாடல்களில் கூகுள் சேவைகளும் இல்லாமல் போனபோது, அவற்றை வாங்கியவர்களுக்குத் தாமாக வேறு ஏற்பாடு செய்துகொள்ளும் வழியும் அடைபட்டிருந்தது.

ஆசஸ் தன் திறப்புக் கருவியை 2023-இல் விலக்கிக்கொண்டது. விவோவில் அதிகாரபூர்வமாகத் திறக்கும் வழி கிடையாது.

இனி நம்மூர் ஹாஸ்டல்களில் அதிகம் புழங்கிய ஷாவ்மி. தொடக்கத்தில் அதன் பெரும்பாலான போன்கள் பூட்டில்லாமலே வந்தன. 2016-இல் பூட்டத் தொடங்கியபோது சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. இடைத்தரகர்கள் சிலர் போனைப் பிரித்து, விளம்பரமும் வேவு நிரலும் கலந்த மென்பொருளை ஏற்றி, புதுப் பெட்டிபோல விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கப் பூட்டு. வேண்டியவர் விண்ணப்பித்தால் திறப்பு. அப்புறம் காத்திருப்பு வந்தது. பல மாடல்களுக்கு 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். 2018-இல் போகோ எஃப்1 வந்தபோது கெர்னல் மூல நிரலையும் உடனே கொடுத்தார்கள். அந்தப் போனுக்கு எத்தனை விதமான ஆண்ட்ராய்டு வந்தது என்று இங்கே இருக்கிற என் ஜூனியர்களைக் கேளுங்கள். 2023-இல் ஹைப்பர் ஓஎஸ் வந்ததும் விதிகள் இறுகின. கணக்கு இத்தனை நாள் பழையதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆண்டுக்கு மூன்று போன் என்றார்கள். 2025-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே போன் என்று ஆயிற்று. ரேஷன் கடையில்கூட மாதா மாதம் கொடுக்கிறார்கள்!

ஒன்பிளஸ் பிறந்ததே மாடிங் ரசிகர்களை நம்பித்தான். 2014-இல் வந்த முதல் போனில் சயனோஜென் என்ற மாற்று ஆண்ட்ராய்டையே போட்டு விற்றார்கள். இந்தியாவில் அந்தப் பெயருக்கான தனி உரிமை மைக்ரோமேக்ஸிடம் இருந்ததால் அந்த டிசம்பரில் விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சயனோஜென் கம்பெனி 2016 முடிவில் கடையைக் கட்டியது. ஆனால் நிரல் திறந்த மூலமாக இருந்ததால் தன்னார்வலர்கள் அதை எடுத்து லீனேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கம்பெனி போனாலும் வேலை போகவில்லை. ஒன்பிளஸ் போன்களைப் பல ஆண்டுகள் யாரிடமும் எண் வாங்காமல் ஒற்றைக் கட்டளையில் திறக்க முடிந்தது.

கூகுள் 2010 ஜனவரியில் விட்ட நெக்ஸஸ் ஒன் முதற்கொண்டு, தான் நேரடியாக விற்கும் போன்களைத் திறக்க வழி வைத்திருக்கிறது. பிக்சலுக்கு அசல் மென்பொருள் முழுவதும் பொதுவில் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் அரிய போன் அது. நம் சாவியைப் பதிந்து மறுபடி பூட்டலாம். போன் எழும்போது மஞ்சள் எச்சரிக்கை காட்டிவிட்டு, நம் கையெழுத்தைச் சரிபார்த்துத் திறக்கும். பாதுகாப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட கிராஃபீன் ஓஎஸ் குழு பல ஆண்டுகள் பிக்சலை மட்டும் ஆதரித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் கூகுளுக்கு நூற்றுக்கு நூறா? இல்லை. 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூல நிரலை வெளியிட்டபோது, பிக்சலுக்கென்று அதுவரை சேர்த்துக் கொடுத்துவந்த வன்பொருள் விவரக் கோப்புகளைக் கொடுக்கவில்லை. தன்னார்வலர்களுக்கு வேலை பல மடங்காயிற்று.

நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் சின்னக் கம்பெனி. பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். பூட்டைத் திறக்க அவர்களே எண் தருகிறார்கள். இவர்களிடமிருந்து ஒரு பாடம். 2015-இல் வந்த ஃபேர்ஃபோன் 2-இல் இருந்த சிப்புக்கு, அதைச் செய்த குவால்காம் ஆதரவை நிறுத்திவிட்டது. பெரிய கம்பெனியாக இருந்தால் "புதுப் போன் வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கும். இவர்கள் லீனேஜ் ஓஎஸ் தன்னார்வலர்களின் வேலையைத் துணையாகக் கொண்டு ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோனார்கள். 2023 வரை ஆதரவு கொடுத்தார்கள். கதவைத் திறந்து வைத்ததால் வெளியிலிருந்து வந்த உதவி, கம்பெனிக்கே கைகொடுத்தது.

ஆப்பிளைப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே கதவு கிடையாது, சுவர்தான். ஐபோனில் 'ஜெயில்பிரேக்' என்பதெல்லாம் சுவரில் ஓட்டை கண்டுபிடித்து நுழைவது. 2019-இல் ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்புகளின் நிரந்தர நினைவகத்திலேயே ஒரு ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அதை மென்பொருளால் அடைக்க முடியாது. ஆனால் ஓட்டை வேறு, உரிமை வேறு. அமெரிக்காவில் 2010-இல், தன் போனை ஜெயில்பிரேக் செய்வது பதிப்புரிமைச் சட்ட மீறல் ஆகாது என்று விலக்கு அளித்தார்கள். ஆப்பிள் திறந்தே கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஐபோனுக்கு ஆண்டுக்கணக்கில் அப்டேட் கொடுப்பதில் ஆப்பிள் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

என்ன தெரிகிறது?

இப்படி வரிசையாகப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. கம்பெனி சின்னதாக இருக்கும்போது கதவு திறந்திருக்கிறது. மாடிங் செய்யும் ஆர்வலர்கள்தான் அதற்கு முதல் வாடிக்கையாளர்கள், இலவச விளம்பரக்காரர்கள், சம்பளம் வாங்காத பரிசோதகர்கள். கம்பெனி வளர்ந்து, தெருவுக்குத் தெரு கடை வந்தபிறகு நம் தேவை குறைகிறது. கதவு மெதுவாகச் சாத்தப்படுகிறது. முதலில் விண்ணப்பம், பிறகு காத்திருப்பு, பிறகு கோட்டா, பிறகு "அந்த வசதி தற்போது இல்லை". கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பேசும் பேச்சை நம்பினதுபோல, கம்பெனியின் நட்பை நம்பிப் போன் வாங்கக் கூடாது. கொடுத்ததைப் பிற்பாடு பறிக்க முடியாதபடி கையில் வந்துவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் மூல நிரல், பதியப்பட்ட நம் சாவி, இறக்கி வைத்துக்கொண்ட அசல் மென்பொருள் இவைதான் நம்முடையவை. மற்றதெல்லாம் வாக்குறுதி.

பூட்டின் பக்கம் நியாயம்

நான் பூட்டுக்காரன் என்று முதலிலேயே சொன்னேன். அந்தப் பக்கத்தையும் பேசாவிட்டால் என் சம்பளத்துக்குத் துரோகம்.

பூட்டைத் திறந்த போனில் யாராவது ஐந்து நிமிடம் தனியாக இருந்தால், நமக்குத் தெரியாமல் வேறு மென்பொருளை ஏற்றிவிட முடியும். நம் அம்மா அப்பாவின் யுபிஐ, ஓய்வூதியக் கணக்கு, ஓடிபி எல்லாம் அந்த ஒரு பொருளில் இருக்கிறது. வங்கிகள் பயப்படுவதில் தப்பே இல்லை. அதனால்தான் வங்கி ஆப்கள் பல, போன் அசல் நிலையில் இருக்கிறதா என்று கூகுளின் ஒரு சோதனை வழியாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஓட மறுக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் சாவியால் ஒழுங்காகப் பூட்டி, மாதா மாதம் பாதுகாப்புத் திருத்தம் போடும் போனை அந்தச் சோதனையின் கண்டிப்பான நிலைகள் ஏற்பதில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரு அப்டேட்கூட வராமல் ஓட்டை விழுந்து கிடக்கும் அசல் போனை ஏதாவது ஒரு நிலையில் பல ஆப்கள் ஏற்றுக்கொள்கின்றன. சோதனை கேட்பது "பத்திரமா?" என்று அல்ல, "எங்கள் கையெழுத்தா?" என்று. வாட்ச்மேன் கதையை மறக்காதீர்கள். ஆகவே பூட்டா திறப்பா என்பது வழக்கே இல்லை. பூட்டு வேண்டும். சாவி வைத்துக்கொள்ளச் சொந்தக்காரருக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும். வழக்கு அவ்வளவுதான்.

நமக்கென்ன?

சென்னையிலிருந்து பக்கத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர். 2006-இல் நோக்கியா தொழிற்சாலை அங்கே தொடங்கியபோது நாம் பெருமைப்பட்டோம். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் கையால் முடுக்கிய திருகு அதில் இருக்கிறது. ஆனால் அது எழும்போது யார் கையெழுத்தைப் பார்க்கிறது என்ற முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. திருகு முடுக்குவது கௌரவமான வேலை. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்தக் கல்லூரியிலிருந்து போகிறவர்கள் திருகோடு நிற்கக் கூடாது. பூட்லோடர் என்ன அச்சிடுகிறது, கெர்னல் எங்கே தடுக்கி விழுகிறது, ஒரு டிரைவரை எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தால்தான் முடிவெடுக்கும் மேசைக்குப் போக முடியும். அதைக் கற்க ஒரு போனைத் திறந்து, கெடுத்து, சரிசெய்ய வேண்டும். புத்தகத்தில் வராது.

அலமாரியில் கிடக்கும் ஐந்து வருஷத்துப் பழைய போன் என்பது எட்டுக் கோர் பிராசசர், கேமரா, ஜிபிஎஸ், அதிர்வு உணரி, வைஃபை, சொந்த பேட்டரி எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கம்ப்யூட்டர். சிவில் பிரிவில் ஒரு உத்தரத்தின் அதிர்வை அளக்கலாம். கேட்டில் வண்டி எண்ணலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை அதிலேயே நடத்தலாம். ஒரே நிபந்தனை, திறக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்தபிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட்டும், ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கங்கள். ஆனால் இரண்டிலும் பூட்லோடர் சாவியைக் கொடுக்க வேண்டும் என்ற விதி கிடையாது. தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. போனின் ஐஎம்இஐ எண்ணைத் தொடாதீர்கள். அதை மாற்றுவது இந்தியாவில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். "சும்மா பார்க்கத்தான் சார் மாற்றினேன்" என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, முன்னாள் மாணவர்களுக்கு. பதிவு மேசைக்குப் பக்கத்தில் சங்கம் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் துறை ஆய்வுக்கூடத்துக்குப் பழைய போன் கொடுங்கள். கொடுக்கும் முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் அது வேறு யாருக்கும் பயன்படாது. திறக்க விண்ணப்பமும் காத்திருப்பும் தேவைப்படும் கம்பெனி என்றால், உங்கள் கணக்கிலேயே விண்ணப்பித்துத் திறந்து கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் பெட்டியில் போடாதீர்கள், மேசையில் உள்ளவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. வங்கிக் கணக்கு இருக்கும் ஒரே போனில் கை வைக்காதீர்கள். அதற்குத்தான் அந்தப் பெட்டி. அடுத்து வீட்டில் யாருக்காவது போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதோடு என் ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாது. ஆனால் நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காகவாவது விசாரித்து வைப்பார். 2011-இல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, என்னைப் போல் கம்பெனிகளில் உட்கார்ந்து பூட்டுச் செய்யும் நண்பர்களுக்கு. இந்த அரங்கில் கார், மீட்டர், டிவி, மோடம், மருத்துவக் கருவி என்று பல பொருள்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் இப்போது ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். பொருள் விற்பனையில் இருக்கும்வரை பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. "இந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது" என்று அறிவிக்கும் நாள் ஒன்று வருமே, அந்த நாளில் கடைசி அப்டேட்டாகச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்றான பிறகு, பார்த்துக்கொள்ள விரும்புகிறவனைத் தடுக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

சும்மா ஊருக்கு உபதேசம் செய்யவில்லை. எங்கள் கம்பெனியில் ஓய்வுபெறும் கார்டு மெஷின்களுக்கு இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வங்கி ரகசியங்களை முழுவதும் அழித்துவிட்டு, அதன்பிறகு திறந்துவிடும் ஒரு கடைசி அப்டேட். திரை, பிரிண்டர், பேட்டரியோடு இருக்கும் அந்த மெஷின் ஏதாவது ஒரு பாலிடெக்னிக் மாணவனுக்குப் பயன்படட்டும் என்று. பாதுகாப்புக் குழு இருபத்தாறு கேள்விகள் அனுப்பியிருக்கிறது. பத்தொன்பதுக்குப் பதில் எழுதிவிட்டேன். மீதி ஏழுக்கு இங்கே இருக்கும் சீனியர்கள் யாராவது உதவ முடியுமானால், சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடியுங்கள்.

செயலாளர் சைகை காட்டிவிட்டார்.